எண்ணிக் கொடுத்த கற்கள்

முனாப் ஹாஜியார் என் கடைக்கு வந்தது 2024ஆம் ஆண்டு பெப்ரவரி ஆறாம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை. அவருக்குப் பின்னால் எங்கள் பள்ளிவாசல் சபையின் தலைவர் ஆதம்பாவா மரைக்கார் வந்தார். எதிரே ஓட்டோக்காரர்கள் மூன்று பேர் பிளேன்டி குடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் ஹாஜியார் உரத்துச் சொன்னார்.

"என்ன கல்லுக்கள்ளன், யாவாரம் எப்பிடி? சாட்சியோட வந்திரிக்கன். இந்த முற கல்ல எண்ணித்தான் தருவன், எண்ணித்தான் எடுப்பன்."

ஓட்டோக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "இரிங்க ஹாஜியார்" என்று கதிரையைத் துடைத்துப் போட்டேன். அந்தக் கதிரையில் அவர் வந்து உட்கார வேண்டும் என்று நாள் எண்ணிக் காத்திருந்தவன் நான்.

அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

2013இல் எனக்கு இருபத்தேழு வயது. ஏறாவூர் கடைத்தெருவில், பள்ளிக்குச் சொந்தமான ஒரு அறையில் கைக்கடிகாரம் திருத்திக்கொண்டிருந்தேன். புடவைக்கடை முனாப் ஹாஜியார் தன் பழைய கடிகாரம் ஒன்றைக் கழுவி எண்ணெய் போடத் தந்தார். செய்து கொடுத்தேன். இரண்டு கிழமையில் அது நின்றுவிட்டது. அதை வாவியில் தோணி தள்ளும்போது தண்ணீரில் நனைத்தார் என்பது பிறகு எனக்குத் தெரியவந்தது. அவர் என்னிடம் வரவில்லை. நேரே பள்ளிச் சபைக்குப் போனார்.

கடிகாரத்தின் முகத்தில் பதினேழு கல் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பின்மூடியைத் திறந்து மேசையில் வைத்துச் சபையார் எல்லோரும் குனிந்து எண்ணினார்கள். சிவப்பாக மின்னியவை ஏழு.

"பதினேழு எண்டு எழுதிக் கிடக்கு. இஞ்ச ஏழுதான் இரிக்கி. பத்து மாணிக்கக் கல் எங்க?" என்று ஹாஜியார் கேட்டார்.

நான் சொன்னேன். மிச்சக் கற்கள் தகட்டுக்குக் கீழேயும் முகத்தின் அடியிலும் இருக்கின்றன, கழற்றினால்தான் தெரியும், இப்போதே கழற்றிக் காட்டுகிறேன் என்றேன். அவை பட்டறையில் உருக்கி வளர்க்கிற செயற்கைக் கற்கள், சில்லின் முனை தேயாமல் சுற்றுவதற்காக வைக்கிறவை, விற்கப்போனால் பேரீச்சம்பழம்கூடக் கிடைக்காது என்றேன். மூன்று தரம் சொன்னேன்.

"கள்ளன்ட கையில திருப்பியும் குடுக்கிறதா?" என்றார் ஹாஜியார்.

சபை என்னைக் கள்ளன் என்று தீர்க்கவில்லை. கள்ளன் இல்லை என்றும் சொல்லவில்லை. கடை அறையை மட்டும் திருப்பிக் கேட்டது. அன்று பின்னேரமே கடைத்தெருவில் எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. எங்கள் ஊரில் பட்டப்பெயர் ஒரு தரம் ஒட்டினால் செத்தபின் மையித்துப் பெட்டிவரைக்கும் வரும்.

தோகாவுக்குப் போனேன். சுவிஸ் கடிகாரங்களைத் திருத்தும் ஒரு பட்டறையில் தரை கூட்டத் தொடங்கி, ஒன்பது வருடத்தில் மேசைக்கு வந்தேன். முதல் இரண்டு வருடமும் எனக்குத் தந்த வேலை, திருகாணித் தலைகளை மினுக்குவது. ஒரு மயிரளவுக்குத்தான் அந்தத் திருகாணி இருக்கும். வெள்ளீயத் தகட்டில் வைத்துத் தேய்க்க வேண்டும். பூதக்கண்ணாடிக்குள் பார்த்தால் தலை ஒரு பக்கம் கறுப்பாகவும் சற்றுச் சரித்தால் வெள்ளையாகவும் தெரிய வேண்டும். சாம்பலாகத் தெரிந்தால் திரும்பவும் முதலிலிருந்து. மூடிக்கு உள்ளே கிடக்கிற, உடையவன் சாகும்வரை பார்க்காத ஒரு திருகாணிக்கு இந்தப் பாடு. அந்த வேலை என்னை ஒரு விஷயத்தில் மாற்றியது. அவசரம் போய்விட்டது. ஒரு காரியத்தைச் செய்து முடிக்க எத்தனை வருடம் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது.

அங்கே இன்னொரு பழக்கமும் படிந்தது. வாங்கும் ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஒரு வேலைத்தாள். வாடிக்கையாளர் சொல்வதை எங்கள் சொல்லில் எழுதக் கூடாது. அவர் வாயால் சொன்ன சொல்லிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும்.

2022இல் ஊருக்கு வந்து தனியார் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பழையதைக் கிளறும் எண்ணம் அப்போது எனக்கு இல்லை. ஒரு நாள் என் மகள் இன்ஷிரா பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகப் பையைக் கழற்றாமலே நின்றாள். எட்டு வயது.

"வாப்பா, நீங்க கல்லுக் களவெடுத்தயா?"

"ஆரு சொன்ன?"

"அஸ்மியா. என்னக் கல்லுக்கள்ளன்ட மகள் எண்டு கூப்பிடுறா. எல்லாப் புள்ளையளும் இப்ப அப்பிடித்தான் கூப்பிடுற."

அஸ்மியா முனாப் ஹாஜியாரின் மூத்த மகள்வழிப் பேத்தி. என் பெயர் என்னோடு போகட்டும் என்று இருந்தேன். அது மகளுக்குச் சீதனமாகப் போகிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அன்றிலிருந்து காத்திருந்தேன். மட்டக்களப்புக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் நல்ல கடிகாரம் கழற்றத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஹாஜியாரிடம் காசும் பெருமையும் இருந்தன. என்றாவது ஒரு நாள் அவர் வந்துதானே ஆக வேண்டும்.

வந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு கைலேஞ்சியை எடுத்து விரித்தார். உள்ளே ஒரு தங்கக் கடிகாரம்.

"மருமகன் றிஸ்விட அரபி மொதலாளி மௌத்தாகக்கொள்ள, கடைசி நேரத்தில குடுத்தயாம். பொடியன் எனக்குக் கொண்டு வந்து தந்தான். ஆம்புள தங்கம் போடேலா, ஹராம். ஆனா பேர் பெரிய பேர். இந்த மிசினையும் முகத்தையும் ஒரு இரும்புக் கூட்டுக்குள்ள போட்டுத் தா. தங்கக் கூட்ட உருக்கி எங்கிட சின்ன மகள் நிஸ்றாட கலியாணத்துக்குக் காப்பு அடிக்கோணும்."

நான் கண்ணாடியைக் கண்ணில் பொருத்தி மூடியைத் திறந்தேன். கொஞ்ச நேரம் எனக்கு ஹாஜியாரும் மறந்துபோனார், கடைத்தெருவும் மறந்துபோனது. ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தியது. இரண்டு ரூபாய் நாணயக் குத்தியைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. ஒவ்வொரு தகட்டின் ஓரத்தையும் கையால் சரித்து, மரக்குச்சியால் தேய்த்து மினுக்கியிருந்தார்கள். இரண்டு சரிவுகள் உள்ளே சந்திக்கும் மூலை ஊசி முனைபோல் கூர்மையாக இருந்தது. அதை இயந்திரத்தால் செய்ய முடியாது. மூடியின் உட்புறத்தில் தங்க முத்திரை, செய்தவர்களின் முத்திரை, இலக்கம். இலக்கம் மூடியிலும் மிசினிலும் ஒன்றுக்கொன்று சாட்சிபோலப் பொருந்தி நின்றது.

தோகாவில் இதே வகை ஒன்றை நான் ஒரு தரம்தான் கண்டிருக்கிறேன். இரும்புப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு பேர் காவலோடு கொண்டுவந்தார்கள். கூடும் மிசினும் பிரியாமல் இருந்தால் அதை விற்று ஏறாவூரில் ஒரு மாடிவீடு கட்டலாம். கூட்டை உருக்கினால் ஒரு சோடிக் காப்பு.

"ஹாஜியார், ஒரு விசயம்" என்று வாயைத் திறந்தேன்.

"ஒன்ட விசயம் ஒண்டும் வேணாம். சொன்ன வேலையச் செய். தங்கத்த யோசேப்புக்கிட்டத்தான் உருக்கோணும், நான் பக்கத்தில இரிப்பன். கல்ல மரைக்கார்ட முன்னால எண்ணோணும். மத்தப்படி ஒன்ட யோசன எனக்குத் தேவல்ல."

நான் வாயைத் திறந்தது அவருக்குச் சொல்வதற்காகவா, அவரை அப்படிச் சொல்லவைப்பதற்காகவா என்று கேட்டால், உள்ளதைச் சொல்கிறேன்: சொல்லவைப்பதற்காகத்தான். பதினொரு வருடமாக அவர் குணம் எனக்கு மனப்பாடம்.

வேலைத்தாளை எடுத்து எழுதினேன். தங்கக் கூட்டைக் கழற்றி யோசேப்பிடம் தன் முன்னால் உருக்க வேண்டும். மிசினை இரும்புக் கூட்டில் போட வேண்டும். கல்லை எண்ணித் தர வேண்டும். கடைசி வரியில் அவர் சொன்னபடியே, 'மத்தப்படி ஒன்ட யோசன எனக்குத் தேவல்ல' என்று எழுதினேன். வாசித்துக் காட்டினேன். ஹாஜியார் அரைவாசியில் கையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மரைக்கார் சாட்சிக்குப் போட்டார்.

பிறகு வெள்ளைத் துணியை விரித்துக் கழற்றத் தொடங்கினேன். ஒவ்வொரு கல் வரும்போதும் மரைக்காரிடம் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். மேலே தெரிந்தவை எட்டு. தகட்டைத் தூக்கியதும் கீழே மூன்று. முகத்தைக் கழற்றியதும் அதன் அடியில் நான்கு. நங்கூரம்போன்ற சிறு துண்டின் இரு நுனிகளிலும் இரண்டு. ஆடும் சில்லின் அடியில் கடுகு உடைத்ததுபோல் ஒன்று. மொத்தம் பதினெட்டு.

மரைக்கார் கண்ணாடியை உடனே திருப்பித் தரவில்லை. எழுபத்திரண்டு வயது மனிதர். அன்று மேசையில் குனிந்து ஏழு என்று எண்ணிச் சொன்ன குரல் அவருடையதுதான்.

"தம்பி, அண்டைக்கும் இப்பிடித்தான் கீழ கிடந்ததா?"

"ஓம் மரைக்கார். இப்பிடித்தான்."

அவர் ஹாஜியாரைப் பார்த்தார். அந்த இடத்தில் ஹாஜியார் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மன்னிப்புக்கூட வேண்டாம், பாஹிம் என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அப்படித்தான் எனக்குள் கணக்கு வைத்திருந்தேன்.

"பழைய கத என்னத்துக்கு மரைக்கார்?" என்றார் ஹாஜியார். "இப்ப நாம பக்கத்தில இரிந்த படியாத்தானே பதினெட்டும் இரிக்கி."

சரி என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மூவரும் மட்டக்களப்பு ரவுனுக்கு, நகைவேலை செய்யும் யோசேப்பின் பட்டறைக்குப் போனோம். பட்டறையின் பின்ஜன்னல் வாவிப்பக்கம். யோசேப் எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். கூட்டைக் கையில் வாங்கித் திருப்பினான். முத்திரையைக் கண்டான். என்னைப் பார்த்தான்.

"ஹாஜியார், ஒரு நிமிசம் இரிங்க. காஸ் சிலிண்டர் மாத்தோணும். பாஹிம், ஒரு கை பிடி வா" என்று என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். சிலிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"டேய், இது என்னெண்டு தெரிஞ்சுதானே கொண்டு வந்த?"

"தெரியும்."

"அந்தாளுக்குத் தெரியுமா?"

"கேக்கல்ல."

"கேக்காட்டி? நீ சொல்லன்டா. இத வெட்டுறது கோயில் சுரூபத்த ஒடைக்கிற மாதிரி. செஞ்சவன்ட கைய நினைச்சிப் பாரு."

செய்தவனின் கையை நான் நினைத்துப் பார்க்கவில்லை என்றா? இரண்டு இரவாக அதைத்தான் நினைத்தேன். ஜெனீவாவில் ஏதோ ஒரு ஜன்னல் ஓரத்தில், என்னைப் போலக் குனிந்து இருந்தவன். அவனுக்கு நான் துரோகம் செய்கிறேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவனுடைய மகளை யாரும் கள்ளன் மகள் என்று கூப்பிடவில்லை.

"யோசேப், ஒனக்குப் புடிக்காட்டி விடு. காத்தான்குடியில ஆயிரம் பட்டற இரிக்கி."

அவன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

கூட்டைக் கத்தரியால் நான்காக வெட்டினான். வெட்டும்போது கத்தரி இரண்டு தரம் வழுக்கியது. துண்டுகளை மூசையில் போட்டு நெருப்பைப் பிடித்தான். ஹாஜியார் கதிரையை இழுத்துப்போட்டு, ஒரு பொட்டுக்கூடச் சிந்தக் கூடாது என்று மூசைக்குள்ளேயே கண்ணை வைத்திருந்தார். "ஊது யோசேப்பு, நல்லா ஊது." முத்திரை இருந்த துண்டுதான் கடைசியாக இளகியது. எழுத்துகள் முதலில் வியர்த்தன, பிறகு சரிந்தன, பிறகு இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. முழுவதையும் பார்த்தேன்.

அடுத்த கிழமை மிசினை இரும்புக் கூட்டில் பொருத்திக் கொடுத்தேன். அந்த வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. கூடு சற்றுப் பெரிது என்பதால் பித்தளையில் ஒரு வளையம் கடைந்து, அதன் ஓரத்தையும் சரித்து மினுக்கினேன். வாவிக் காற்று உப்புக்காற்று. தண்ணீர் புகாமல் மூடிக்கு ரப்பர் வளையம் போட்டு, புதுப் பட்டியும் பூட்டினேன். திருத்துகிறவர்கள் மூடியின் உட்புறத்தில் ஊசியால் தங்கள் அடையாளத்தைக் கீறி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். 'பாஹிம், 2024.02.14, கல் 18' என்று கீறினேன். ஹாஜியார் கட்டிப் பார்த்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் முதல் வரிசையில் கையை நீட்டி வைத்துக்கொண்டு இருந்தார்.

மார்ச் இரண்டாம் திகதி றிஸ்வி லீவில் வந்தான். வருவதற்கு முன்பு தோகாவில் ஒரு கடையில் போனிலிருந்த கடிகாரப் படத்தைக் காட்டியிருக்கிறான். கடைக்காரர் அவனைக் கதிரையில் உட்காரவைத்துக் கோப்பி கொடுத்து, ஒரு தொகையைச் சொல்லியிருக்கிறார். அவன் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக்கூடத் திறக்காமல் கேட்ட முதல் கேள்வி, "மாமா, அந்த மணிக்கூடு எங்க?"

ஹாஜியார் கையை நீட்டிக் காட்டினாராம்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு என்னைப் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். அதே அறை, அதே மேசை. முனாப் ஹாஜியாரின் முகம் கழுவிப்போட்ட துணிபோல் இருந்தது. றிஸ்வி சுவரோடு சாய்ந்து நின்றான். மாமாவின் பக்கம் அவன் திரும்பவேயில்லை.

"இவன் என்ன ஏமாத்திட்டான்! தெரிஞ்சிக்கிட்டுத்தான் செஞ்சான்!" என்றார் ஹாஜியார். "கள்ளன் எண்டு அண்டைக்கே சொன்னன்!"

நான் வேலைத்தாளை மேசையில் வைத்தேன். மரைக்கார் எடுத்து உரத்து வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவருடைய குரல் தாழ்ந்தது. 'மத்தப்படி ஒன்ட யோசன எனக்குத் தேவல்ல.' பின்வரிசையில் யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள்.

"இது ஒங்கிட கையெழுத்துத்தானே ஹாஜியார்?"

ஹாஜியார் கையிலிருந்த கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்தார்.

மரைக்கார் என் பக்கம் திரும்பினார். "தம்பி, அது எவ்வளவு பெறுமதி எண்டு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மறுகா ஏன் சொல்லல்ல? முஸ்லிமுக்கு முஸ்லிம் சொல்லத்தானே வேணும்?"

இந்தக் கேள்விக்கான பதிலை நான் எழுதிப் பார்க்கவில்லை. ஆனால் அது எப்போதோ தயாராக இருந்தது.

"மரைக்கார், பதினொரு வருசத்துக்கு முன்னால இந்த மேசைக்கு முன்னால நிண்டு, கேக்காமலே மூண்டு தரம் சொன்னன். ஒருத்தரும் கேக்கல்ல. எனக்குக் கடை போச்சி. கேக்காம வாய் தொறக்கப்படாது எண்டு இந்தப் பள்ளியிலதான் நான் படிச்ச."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பக்கற்றை எடுத்து மரைக்காரின் உள்ளங்கையில் கொட்டினேன். குங்குமத்தூள்போல் ஒரு சிட்டிகை சிவப்பு.

"இது நூறு கல்லு. அதே கல்லுத்தான். எத்தின பிளேன்டிக்கு வரும் எண்டு அந்த ஓட்டோக்காரன்மார்ட்ட கேளுங்க. இதில பத்துக்காகத்தான் நான் கள்ளன்."

மரைக்கார் கையை மூடவும் இல்லை, கவிழ்க்கவும் இல்லை. "ஏழு எண்டு எண்ணினது நான்தான்" என்றார். "அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க பாஹிம்." சபை முழுவதும் கேட்க என் பெயரைச் சொன்னார். அவரை நான் அந்த இடத்திலேயே பொறுத்துக்கொண்டேன்.

ஹாஜியார் எழுந்து வெளியே போனார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனதாகப் பிறகு சொன்னார்கள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் அவர் என் கடைக்குத் தனியாக வந்தார். கதிரையில் இருக்கவில்லை.

"பாஹிம் தம்பி, நிஸ்றாட காப்ப உருக்கித் தந்தா அந்தக் கூட்டத் திருப்பிச் செய்யேலாதா? நீ கெட்டிக்காரன் எண்டு எல்லாரும் சொல்றாங்க."

பெயரைச் சொல்லிவிட்டார். ஒரு மாதம் பிந்திவிட்டது.

"செய்யலாம் ஹாஜியார். கூடு வரும். முத்திரை வராது. முத்திரையையும் நானே அடிச்சா அது கள்ள வேல. நான் கள்ளன் இல்லயே."

அவர் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். "கட்டிக்கிட்டுப் போங்க ஹாஜியார், நல்லா ஓடுற மணிக்கூடு" என்று நானே அவர் கையில் கட்டி, பட்டியை ஒரு துளை இறுக்கிவிட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு விநாடிகூடப் பிசகாது. எத்தனை முறை நேரம் பார்த்தாலும் சரியான நேரத்தையே காட்டும்.

எங்கள் ஊர் சும்மா இருக்குமா? அவருக்கும் பெயர் வைத்தாகிவிட்டது: கூடுருக்கி ஹாஜியார். வைத்தது நான் இல்லை. ஓட்டோக்காரர்களாக இருக்கலாம். இப்போது என் கடையைக் கேட்டு வருகிறவர்களுக்கு அவர்கள் "சுவிஸ் பாஹிம் காக்காட கடை" என்று அண்ணன் முறை வைத்து வழி சொல்கிறார்கள்.

போன கிழமை பகல் சாப்பாட்டில் இன்ஷிரா வாயில் சோற்றோடு சிரித்தாள்.

"வாப்பா, அஸ்மியா இண்டைக்கு ஸ்கூல்ல அழுதா. நாங்க எல்லாரும் அவளக் கூடுருக்கிட பேத்தி எண்டு கூப்பிட்ட. நான்தான் முதல் கூப்பிட்ட."

என் மனைவி ஸாலிஹா கறிக்கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவள் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்தது.

நான் மகளுக்கு இன்னொரு மீன் துண்டை எடுத்து வைத்தேன்.

அந்த மிசினுக்குப் போட்ட எண்ணெய் ஐந்து வருடத்தில் காயும். காய்ந்த பிறகும் ஓட்டினால் சில்லின் முனைகள் தேயும். அதைத் திறந்து கழுவத் தெரிந்த வேறு ஆள் இந்தப் பக்கம் இல்லை. வேலைத்தாளின் பின்பக்கத்தில் திகதி எழுதி வைத்திருக்கிறேன்: 2029 பெப்ரவரி 14. அன்றைக்கும் கல்லை எண்ணித்தான் வாங்குவேன்.